சுழல இடமில்லாத இதயம்

பிலோமினாள் வீட்டில் சண்டைகூட ரகசியம் பேசுவது போலத்தான் நடக்கும். அவள் கணவர் கஸ்பாருக்குக் கடலில் காற்றோடும் இன்ஜினோடும் கத்திப் பழகிய தொண்டை. ஆனாலும் வாசற்படி தாண்டும்போது குரலைச் செருப்போடு சேர்த்து வெளியே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். அந்த வீட்டில் கைபேசிகள் மணி அடிக்காது, அதிர மட்டும் செய்யும். கதவு நிலையில் மோதும் இடத்தில் துணி சுற்றியிருக்கும். குக்கர் கிடையாது. தொலைக்காட்சியில் பேய்ப்படத்துக்கும் கிரிக்கெட்டுக்கும் அனுமதியில்லை. பின்னாலிருந்து வந்து திடீரென்று ஒருவர் தோளைத் தொடுவது அங்கே பெரிய குற்றம்.

பாம்பனுக்குத் தெற்கே தோணிக்கரை என்ற அந்த மீனவ ஊரில் எல்லாருக்கும் காரணம் தெரியும். பிலோமினாளின் பிறந்த வீட்டு இரத்த வழியில் வந்த இதயக் கோளாறு அது. ஓட்டமோ பயமோ அளவு மீறிய சந்தோஷமோ, எது வந்தாலும் இதயம் தடம் மாறிவிடும்.

முதலில் அவளுடைய தங்கை அமலி போனாள். கடலுக்குள் பாறையில் பாசி பறிக்க முங்கியவள் மேலே வரவில்லை. கூடப் போன பெண்கள் தூக்கி வந்தபோது மூச்சு இல்லை. வயிற்றில் தண்ணீரும் இல்லை. கடல் கொண்டுபோய்விட்டது என்று ஊர் பேசியது. தண்ணீர் குடிக்காத ஒருத்தியைக் கடல் எப்படிக் கொன்றது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

பிறகு மகன் ரோச் பள்ளிக்கூட மைதானத்தில் மயங்கி விழுந்தான். இந்த முறை மருத்துவமனை கண்டுபிடித்துவிட்டது. தாளம் கெட்டால் மின்சாரம் கொடுத்துத் திருப்பும் சின்னப் பெட்டி ஒன்றை அவன் நெஞ்சுக்குள் வைத்தார்கள். சில காலம் ஒன்றும் ஆகவில்லை. கோயில் திருவிழாவில் ஒரு வேட்டு பக்கத்தில் வெடித்தது. அவன் இதயம் தடம் மாறியது, பெட்டி அடித்தது. மாடு உதைத்தது போன்ற அடி. அந்த வலியில் பயம் வந்தது, பயத்தில் இதயம் மறுபடி தடம் மாறியது, பெட்டி மறுபடி அடித்தது. பெட்டி தன் வேலையைத்தான் செய்தது. பிலோமினாளின் மடியில் கிடந்து, "நிறுத்தச் சொல்லும்மா" என்று மட்டும் ரோச் சொன்னான். நிறுத்தும் வழி அங்கே யாருக்கும் தெரியவில்லை.

அதே கோளாறு பிலோமினாளின் உடம்பிலும் இருந்தது. ஆனால் அவள் இதயம் ஒருநாளும் தடம் மாறியதில்லை. மகன் மடியில் அடங்கிய அன்றுகூட அது ஒழுங்காகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. அதற்காகவே அவளுக்கு அதன்மேல் ஒரு தீராத கோபம்.

மிஞ்சியவள் மகள் ஜெனோவா. அவளுக்கும் அந்தக் கோளாறு உண்டு. விளிம்புவரை நிரம்பிய பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது போலத்தான் அவளை வளர்த்தார்கள். ஓட விடவில்லை. பரீட்சை எழுத விடவில்லை. கணுக்காலுக்கு மேல் கடல் படவிடவில்லை. நெஞ்சுக்குள் பெட்டி வைக்கவும் விடவில்லை, வேளாவேளைக்கு மாத்திரை மட்டும். ஊர்ப் பெண்கள் கடலிலிருந்து அள்ளிவரும் பாசியைக் கரையில் உட்கார்ந்து காயப்போட்டுத் தரம் பிரிப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வயதாகியும் அவள் விட்டுச் சிரித்து யாரும் கேட்டதில்லை.

ரோச் இறந்த பிறகு அந்தக் குடும்பத்தின் இரத்தத்தை வாங்கிக்கொண்டு போனவர் டாக்டர் உமையாள். காரைக்குடிக்காரர். மதுரைக்கு வெளியே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தார். பிலோமினாளைவிட வயதில் சின்னவர். ஆண்டுக்கு ஒருமுறையாவது தொலைபேசியில் விசாரிப்பார். இந்த முறை அவர் பேசிய பேச்சில் ஓர் அவசரம் இருந்தது.

"அக்கா, ஜெனோவாவைக் கூட்டிக்கிட்டு ஒரு தடவை வாங்க. உங்களுக்கு ஒண்ணு காட்டணும். போன்ல சொன்னா விளங்காது."

*

உடம்பு முழுக்க மூடும் வெள்ளை அங்கியும் தலைக்குத் தொப்பியும் காலுக்கு உறையும் மாட்டித்தான் அந்த அறைக்குள் விட்டார்கள். உள்ளே மரத்தூளும் தானியமும் கலந்த வாடை. சுவர் நெடுகத் தட்டுகளில் கண்ணாடிப் பெட்டிகள். பெட்டிக்குப் பெட்டி கறுப்பு எலிகள், கட்டைவிரல் தண்டி. சில தூங்கின, சில முன்னங்கால்களால் முகம் துடைத்துக்கொண்டிருந்தன.

"இந்த வரிசைக்குத் தோணிக்கரைன்னு பேரு வச்சிருக்கோம்க்கா," என்றார் உமையாள்.

"எங்க ஊருப் பேரா? ஏன்?"

"மனுஷ உடம்பை எழுதி வச்ச எழுத்து கோடிக்கணக்குல இருக்கு. உங்க குடும்பத்துல அதுல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. இதுக உடம்புலயும் அதே இடத்துல அதே எழுத்தை மாத்தியிருக்கோம். அமலிக்கு இருந்தது, ரோச்சுக்கு இருந்தது, இதுகளுக்கும் இருக்கு."

பிலோமினாள் ஒரு பெட்டியின் அருகே குனிந்தாள். உள்ளே இருந்த எலி மூக்கைத் தூக்கி அவளை மோந்து பார்த்தது. இந்த எழுத்தைச் சுமப்பவர்கள் உலகத்தில் தானும் தன் மகளும் மட்டும்தான் என்று அவள் இத்தனை காலம் நினைத்திருந்தாள். இங்கே ஓர் அறை நிறைய இருக்கிறார்கள். இதற்கு என்ன உறவுமுறை சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இதுல எத்தனை செத்துச்சு?"

"கணக்கு இருக்குக்கா. சொல்லட்டுமா?"

"வேணாம்," என்றாள் பிலோமினாள்.

பக்கத்து அறையில் ஒரு கண்ணாடித் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் இருந்தது. உமையாள் ஓர் எலியை உள்ளங்கையில் எடுத்து வந்தார். அதன் நெஞ்சில் மயிரிழைபோல ஒரு கருவியை முன்பே வைத்திருந்தார்கள். அது அனுப்பும் படம் சுவரிலிருந்த திரையில் தெரிந்தது. பட்டாணி அளவு இதயம் அங்கே ஆள் உயரத்துக்கு நின்றது.

"நிமிஷத்துக்கு அறுநூறு தடவை அடிக்கும். கண்ணுல நிக்காது. மெதுவாக்கித்தான் காட்டுறேன்."

மெதுவாக்கிய பிறகு பிலோமினாள் பார்த்தாள். இதயத்தின் உச்சியிலிருந்து ஒரு வெளிச்சம் புறப்பட்டது. இருபுறமும் இறங்கி, நுனிவரை படர்ந்து, ஓய்ந்தது. ஒரு நொடி இருட்டு. மறுபடி உச்சியிலிருந்து வெளிச்சம். விடியலும் இரவும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஒருமுறைகூடப் பிசகாமல். அவள் கை தானாக நெற்றியில் சிலுவை போட்டது.

"எல்லார் நெஞ்சுலயும் இப்படித்தான் நடக்குதா?"

"எல்லார் நெஞ்சுலயும்தான்க்கா. இதயத்துல மின்சாரம் ஓடுறதத்தான் வெளிச்சமாக் காட்டுது."

எலியைத் தண்ணீரில் விட்டார். அது நாலு காலையும் அடித்து விறுவிறுவென்று நீந்தியது. திரையில் விடியல்கள் வேகமெடுத்தன. திடீரென்று ஒரு வெளிச்சம் பாதி வழியில் வளைந்தது. கீழே போக வேண்டியது திரும்பித் தன் வாலையே துரத்தியது. கடலில் அவள் எத்தனையோ முறை பார்த்து விலகிப் போன அதே சுழி.

தண்ணீரில் எலியின் கால்கள் நின்றுவிட்டன. உடம்பு ஒருபுறம் சாய்ந்தது. ஜெனோவா தன்னையறியாமல் கையை நீட்டினாள். உமையாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரையில் சுழி இரண்டு சுற்று சுற்றியது. மூன்றாவது சுற்றில் இதயத்தின் ஓரத்தில் போய் முட்டிச் சிதறி மறைந்தது. இருட்டு. அப்புறம் உச்சியில் ஒரு வெளிச்சம்.

எலி தலையை உதறிவிட்டு நீந்தத் தொடங்கியது.

பிலோமினாள் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அமலியைத் தூக்கி வந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அமலி மறுபடி நீந்தவில்லை.

"எப்படிப் பொழைச்சுச்சு, டாக்டரம்மா?"

"சின்னதா இருக்கிறதாலக்கா. வேற ஒண்ணுமில்ல. சுழி சுத்தணும்னா இடம் வேணும். இந்த இதயத்துல அவ்வளவு இடம் கிடையாது. சுத்தப் பாக்கும், ஓரத்துல முட்டி உடைஞ்சிரும். மனுஷ இதயம் பெரிசு. அங்க அது இஷ்டத்துக்குச் சுத்தும், ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும்."

உமையாள் எலியைத் தூக்கித் துண்டில் துடைத்தபடியே பேசினார். "பல வருஷமா எனக்கு இது பெரிய தலைவலி. ஒரு மருந்து கொடுப்போம், எலி பொழைச்சுக்கும். மருந்தால பொழைச்சுதா, சின்னதா இருந்ததால பொழைச்சுதான்னு சொல்ல முடியாது. எலியை வச்சு மனுஷனுக்கு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது போலன்னு விட்டுரலாம்னுகூட நினைச்சேன். அது அத்தனை வருஷமும் ஒரே விஷயத்தைத்தான் எங்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. எனக்குத்தான் காது கேக்கல."

"நம்ம இதயத்தையும் சின்னதாக்கணும்னா?" என்றாள் ஜெனோவா.

"சின்னதாக்க முடியாது. அறை அறையாப் பிரிக்கலாம். ஒவ்வொரு அறையும் ஒரு எலி இதயம் அளவு. கொஞ்ச நேரத்துக்கு மட்டும்."

அதைத்தான் காட்டக் கூப்பிட்டிருந்தார். சல்லாத்துணியைவிட மெல்லிய ஒரு வலை. இதயத்தின் மேல் போர்த்திவிடலாம். வலையின் கோடுகள் படும் இடத்துத் தசைக்கு மட்டும் ஒரு புதுக் குணத்தை முன்கூட்டியே ஊட்டிவிடுவார்கள். வலையின் வெளிச்சம் பட்டால் அந்தத் தசை, துடிப்பை அடுத்த தசைக்குக் கடத்தாமல் வாய் மூடிக்கொள்ளும். நெஞ்சில் சுழி கிளம்பியதும் வலை ஒளிரும். கோடுகள் சுவர்களாகும். சுழி அறைக்குள் மாட்டிக்கொண்டு செத்துப்போகும். வலை அணையும். சுவர்கள் இல்லாமல் போகும்.

பிலோமினாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வலிக்குமா?"

"வெளிச்சம் வலிக்காதுக்கா."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். உமையாள் அவள் திரும்பும்வரை காத்திருந்தார். பிறகு மறைக்காமல் மிச்சத்தையும் சொன்னார்.

"எலிக்கு இந்த வலையைப் போட்டுப் பாக்குறதுல அர்த்தமில்ல. அது எப்படியும் பொழைச்சுக்கும். ஆட்டுக்குப் போட்டோம். நிறைய ஆடு திரும்பி வந்துச்சு. ரெண்டு வரல. சுழி செத்துச்சு, சுவரும் போயிருச்சு, ஆனா அறைக ஒண்ணு சேரல. ஒவ்வொண்ணும் தனித்தனியா அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, அடங்குற வரைக்கும். ஏன்னு எனக்கு இன்னும் தெரியாது. மனுஷங்களுக்கு இதுவரைக்கும் யாருக்கும் போட்டதில்ல."

*

அந்த நிலையத்தின் வெளித்தாழ்வாரத்தில் நின்று தாயும் மகளும் சண்டை போட்டார்கள். கடந்து போனவர்கள் இரண்டு பெண்கள் ஏதோ ஜெபம் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"வேணாம்டி. ரெண்டு ஆடு செத்துருக்கு."

"எனக்குப் போடட்டும்மா."

"இத்தனை வருஷம் உன்னைய ஒரு குறையும் வராமப் பாத்துருக்கேன்."

"பாத்த. சாகாம இருக்கேன். அதத் தவிர வேற என்ன செய்றேன்?" ஜெனோவாவின் குரல் உயரவில்லை, கண்கள் மட்டும் நிறைந்தன. "கடலுக்குக் கீழ காடு மாதிரி இருக்கும்னு பாசிக்குப் போறவுக சொல்றாக. பச்சை, செவப்பு, தவிட்டு நிறம், எல்லாம் ஆடிக்கிட்டே இருக்குமாம். நான் காஞ்சு சருகானதத்தான் பாத்துருக்கேன். எனக்கு ஒரு தடவை அத உசுரோட பாக்கணும்."

பிலோமினாள் முந்தானையால் மகளின் கண்ணைத் துடைத்துவிட்டாள். உள்ளே போய் உமையாளின் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"அவளுக்குப் போடுங்க. ஆனா முதல்ல எனக்குப் போடுங்க."

"உங்களுக்குத் தேவையில்லையேக்கா. எழுத்து இருக்கே தவிர உங்க இதயம் ஒரு தடவைகூட தடம் மாறல. சிலருக்கு அப்படி. ஏன்னு தெரியாது."

"எலிக்குப் போட்டுப் பாக்க முடியலேன்னு சொன்னீகள்ல. என்னைய எலியா வச்சுக்கங்க."

உமையாள் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "எலிங்ககிட்ட நாங்க சம்மதம் கேக்கலக்கா. உங்ககிட்ட கேக்கணும். அதுலதான் எனக்கு நாக்கு எழல."

"நீங்க கேக்க வேணாம். நானே சொல்றேன்ல."

மனிதர்மேல் சோதனைக்கு அனுமதி தரும் பெரிய பெரிய குழுக்கள் கூடிப் பேசின. கடைசியில் ஒத்துக்கொண்டார்கள், ஒரு நிபந்தனையோடு. மருந்து கொடுத்து வேண்டுமென்றே இதயத்தைக் கெடுத்துப் பார்க்கக் கூடாது. தானாக வந்தால்தான் உண்டு.

பிலோமினாளுக்கு வலை போர்த்தினார்கள். புண் ஆறியதும் ஓடும் பட்டையில் ஓடவிட்டார்கள். வாழ்நாளில் ஓடாதவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூச்சிரைக்க ஓடினாள். இதயம் ஒழுங்காக அடித்தது. சொல்லாமல் கொள்ளாமல் பின்னால் போய் பலூனை உடைத்தார்கள். அவள் துள்ளி விழுந்தாள், இதயம் அசையவில்லை. "கல்லு நெஞ்சு டாக்டரம்மா," என்று அவளே சலித்துக்கொண்டாள். மகளுக்கு முன்னால் போய் ஆழம் பார்க்க நினைத்தவளுக்கு ஆழம் பிடிபடவே இல்லை.

பிறகு ஜெனோவாவுக்கும் போர்த்தினார்கள். அவள் மதுரையில் ஒரு நீச்சல் குளத்தில் மாதக்கணக்கில் நீந்தக் கற்றாள். அவள் இதயமும் அத்தனை நாளில் ஒரு தடவையும் பிசகவில்லை. வலை வேலை செய்யுமா என்று இன்னமும் யாருக்கும் தெரியாது. ஆனால் ஜெனோவா அதற்குமேல் காத்திருக்கத் தயாராக இல்லை.

"நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி மேடம், நான் இறங்கப் போறேன்," என்று ஒருநாள் மெதுவாகச் சொன்னாள். உமையாள் வந்தார்.

*

காற்று இல்லாத காலை. கடல் எண்ணெய் தேய்த்தது போலக் கிடந்தது. கஸ்பாரின் வள்ளத்தில் ஜெனோவாவும், பாசிக்குப் போகிற பெண்கள் நாலு பேரும், அவசரத்துக்கு வேண்டிய கருவிகளோடு ஓர் இளம் டாக்டரும் ஏறினார்கள். பிலோமினாள் ஏறவில்லை. கரையில், பார்க்கக் கூடியிருந்த ஊர்க்காரர்களைவிட்டுச் சற்று விலகி, உமையாளின் பக்கத்தில் மணலில் நின்றாள்.

உமையாளின் கையில் அகலமான ஒரு திரை. அதில் மேலும் கீழுமாக இரண்டு கோடுகள் துள்ளிக்கொண்டு போயின. மேல் கோடு ஜெனோவாவின் இதயம், வள்ளத்திலிருந்து வந்தது. கீழ்க் கோடு பிலோமினாளுடையது. அதை யாரும் கவனிக்கவில்லை. அதில் கவனிக்க ஒன்றும் இருந்ததில்லை.

"இப்பவே சொல்லிர்றேன்க்கா. அவ முங்கினா மேல் கோடு நின்னுரும். உப்புத்தண்ணிக்குள்ள இருந்து சிக்னல் வராது. அவ மேல வந்ததும் கோடும் வந்துரும். பயந்துராதீங்க."

"சரி."

பாறை கிடக்கும் இடத்தில் வள்ளம் நின்றது. பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஜெனோவா விளிம்பில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். கஸ்பார் அவள் தலையில் கை வைப்பது கரையிலிருந்தே தெரிந்தது. அவள் இறங்கினாள். மேல் கோடு சற்று வேகமெடுத்தது, ஆனால் ஒழுங்காகவே போனது. அவள் தலை தண்ணீருக்குமேல் கறுப்பாக ஆடியது. பிறகு தலை இல்லை.

மேல் கோடு நின்றது.

நிற்கும் என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய. ஒரு துள்ளலும் இல்லாமல் நேராக ஓடும் அந்தக் கோட்டைப் பிலோமினாள் இதற்கு முன் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறாள், மடியில் அடங்கிய ரோச்சைத் தூக்கிக்கொண்டு ஓடிய மருத்துவமனையில், அவன் தலைமாட்டில். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் வாய் ஜெபத்தின் முதல் வரியைத் தொடங்கியது. இரண்டாவது வரி ஞாபகத்துக்கு வரவில்லை.

முதலில் காது அடைத்தது. அலை சத்தமில்லாமல் கரைக்கு வந்து சத்தமில்லாமல் திரும்பியது. வெயில் மங்கியது. முழங்கால்கள் மடங்கி மணலில் பதிந்ததை அவள் யாருக்கோ நடப்பது போல உணர்ந்தாள். நெஞ்சுக்குள் ஏதோ படபடத்தது, வலைக்குள் மீன் துள்ளுவது போல. பிறகு அந்தத் துள்ளல் ஒரு பக்கம் அடங்கியது. இன்னொரு பக்கம் அடங்கியது. பெரிய வீடு ஒன்றில் யாரோ நிதானமாக நடந்து ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு போவது போல இருந்தது. வலி இல்லை. எல்லாக் கதவும் சாத்தியான பிறகு ஓர் அமைதி. அப்படி ஓர் அமைதியை அவள் அறிந்ததே இல்லை. அதற்குள் அவள் எத்தனை நேரம் இருந்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

எங்கோ தூரத்தில் உமையாளின் குரல் கேட்டது. "சேர்ந்துரு. சேர்ந்துரும்மா. சேரு."

ஜெனோவாவுக்குத்தான் வந்துவிட்டது, ஜெனோவாவைத்தான் சொல்கிறார் என்று நினைத்தாள். எழுந்து ஓட வேண்டும். கால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

ஓர் இடி விழுந்தது போல நெஞ்சு ஒருமுறை முழுதாக அடித்தது. இன்னொருமுறை. அலைச் சத்தம் திரும்பி வந்தது. வெயில் வந்தது. முகத்தில் ஒட்டியிருந்த மணலின் உப்புகூட நாக்கில் தெரிந்தது.

கடலில் ஒரு கறுப்புத் தலை எழும்பியது. வள்ளத்தைச் சுற்றி மிதந்த பெண்கள் கூவினார்கள். கரையில் கூடியிருந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். உமையாள் மட்டும் கடலைப் பார்க்கவில்லை. மண்டியிட்டு, பிலோமினாளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, திரையையே பார்த்திருந்தார்.

"அவளுக்கு என்ன ஆச்சு?"

"அவளுக்கு ஒண்ணும் ஆகலக்கா. அங்க பாருங்க, மேல் கோடு வந்துருச்சு. ஒரு துளி பிசகல. அசையாம இருங்க. வந்தது உங்களுக்கு."

பிலோமினாளுக்குப் புரியவில்லை.

"உங்க இதயம்தான் தடம் மாறுச்சு. முதல் தடவையா. சிலருக்கு இப்படிப் பல வருஷம் வராம இருந்து ஒருநாள் வரும். நான் அவ கோட்டையே பாத்துக்கிட்டிருந்தேன்க்கா. நீங்க கீழ விழுந்த பிறகுதான் உங்களோடதப் பாத்தேன்." உமையாள் திரையை அவள் பக்கம் திருப்பினார். "இந்த வலை மட்டும் இல்லேன்னா, அவ மேல வர்றப்ப நீங்க இருந்திருக்க மாட்டீங்க."

அவள் நெஞ்சிலிருந்த வலை அனுப்பிய படத்தைத் திரை பதிந்து வைத்திருந்தது. உமையாள் அதை மெதுவாக்கிக் காட்டினார். அது பட்டாணி அல்ல, ஒரு கை முஷ்டி அளவு இதயம். உச்சியிலிருந்து இறங்கிய வெளிச்சம் வளைந்து சுழியானது. சுழி பெருகி நாலைந்தாகி, ஒன்றை ஒன்று விழுங்கி இதயம் முழுக்கக் கொந்தளித்தது. அப்போது மெல்லிய இருட்டுக் கோடுகள் எழுந்தன. இதயம் கட்டம் கட்டமாகப் பிரிந்தது. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு சின்னச் சுழி முட்டி மோதி, சிதறி, அணைந்தது. ஊர் முழுக்க விளக்குகள் ஒவ்வொன்றாக அணைவது போல அத்தனையும் அணைந்தன. கோடுகளும் மறைந்தன. பிறகு கட்டங்கள் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் மினுக்கின. அந்த இடத்தில்தான் இரண்டு ஆடுகள் நின்றுபோயின. இங்கேயும் அது நீண்டுகொண்டே போனது. தன்னுடைய சாவையே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது, பயமில்லாமல்.

உச்சியில் ஒரு வெளிச்சம் புறப்பட்டது. ஒரு கட்டத்தைத் தொட்டது. அது அடுத்த கட்டத்துக்குக் கொடுத்தது. எல்லாக் கட்டங்களும் தங்கள் தனிக் கணக்கை மறந்து அந்த ஒரே வெளிச்சத்தை வாங்கி நுனிவரை கொண்டுபோயின.

"எப்படிச் சேந்துச்சு?" என்று கேட்டாள்.

"தெரியாது," என்றார் உமையாள். அழுதுகொண்டே சிரித்தார். "சத்தியமாத் தெரியாதுக்கா. ஆட்டுக்கும் தெரியல, இப்பவும் தெரியல. கண்டுபிடிக்கணும். வலிச்சுச்சா?"

"இல்ல." நெஞ்சின்மேல் கை வைத்துப் பார்த்தாள். "ஒரு பொட்டு வலி இல்ல."

அவள் ரோச்சைப் பற்றிச் சொல்லவில்லை. உமையாளும் சொல்லவில்லை.

வள்ளத்தருகே தண்ணீரிலிருந்து ஜெனோவா கையாட்டினாள். இங்கே நடந்தது அவளுக்குத் தெரியாது. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். இன்னும் ஒரே ஒரு தடவை.

"போதும்னு சொல்லிரலாம்க்கா," என்றார் உமையாள். "உங்களை உடனே மதுரைக்குக் கொண்டுபோகணும்."

"அவ இறங்கினா எனக்கு மறுபடி வருமா?"

"வரலாம்."

"வந்தா?"

"மறுபடி அறையாப் பிரியும். மறுபடி சேரணும். சேரும்னு நான் கையடிச்சுச் சொல்ல முடியாது."

பிலோமினாள் கடலைப் பார்த்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட, மகள் பதிலுக்காகக் காத்திருந்தாள். அத்தனை தூரத்திலும் அவள் பற்கள் தெரிந்தன. பிலோமினாள் உமையாளின் தோளைப் பிடித்து எழுந்து நின்று, கையை உயர்த்தி, போ என்று வீசினாள்.

ஜெனோவா முங்கினாள். அவள் பாதங்கள் ஒருகணம் தண்ணீருக்குமேல் வெள்ளையாகத் தெரிந்து மறைந்தன. இந்த முறை பிலோமினாள் திரையைப் பார்க்கவில்லை.

"பயமா இருக்காக்கா?" என்று உமையாள் கேட்டார். அவர் விரல்கள் அவள் நாடியிலேயே இருந்தன.

"இருக்கு," என்றாள் பிலோமினாள். "இருந்துட்டுப் போகட்டும்."